நரம்பும் தோலும்

தமிழ் படித்தவர்கள் கூடும் இடங்களில் ஒரு செய்தியை அடிக்கடி பெருமையோடு சொல்வார்கள். நம்மிடம் அழிந்துபோன யாழ் பர்மாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதுதான் அது. சொல்பவர் கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டுவார். படகு போன்ற உடல், வில்லாய் வளைந்து மேலெழும் கழுத்து, அதில் தொங்கும் சிவப்புக் குஞ்சங்கள். கருவியை மடியில் வைத்துத் தரையில் அமர்ந்திருப்பாள் ஒரு பெண். "பாருங்கள், இது நம் யாழ்" என்பார். அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் கருவியைப் பார்ப்போம். பர்மியர் அதைச் சௌங் கௌக் என்கிறார்கள். வளைந்த யாழ் என்பது அதன் பொருள். உடலைப் பதௌக் மரத்தில் குடைகிறார்கள். பதௌக் நம் வேங்கை மரத்துக்கு நெருங்கிய உறவு. கழுத்து, காசுக்கட்டி எடுக்கும் மரத்தின் இயல்பாகவே வளைந்த வேரிலிருந்து வருகிறது. உடலின் வாயை மான்தோலால் மூடி அரக்குப் பூசுகிறார்கள். நரம்புகள் முன்பு பட்டு நூலாக இருந்தன, இன்று நைலான். அவற்றைக் கழுத்தில் சிவப்புப் பருத்திக் கயிறுகளால் கட்டுகிறார்கள். கயிற்றை நகர்த்தினால் சுருதி மாறும். வலக்கை விரல்கள் மீட்ட, இடக்கைக் கட்டைவிரல் உள்ளிருந்து நரம்பை அழுத்தும். பாடுகிறவர் ஒரு கையில் சிறு தாளமும் மறு கையில் மரக்கட்டையும் பிடித்துக் காலம் காட்டுவார்.

இந்த வகை யாழ் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனது என்பதற்குச் சான்றுகள் உண்டு. பார்கூத், அமராவதிச் சிற்பங்களில் வில்வடிவ யாழ் இருக்கிறது. சமுத்திரகுப்தரின் பொற்காசில் அரசரே அதை மடியில் வைத்து வாசிக்கிறார். பர்மாவின் பழைய பியூ நகரமான ஸ்ரீக்ஷேத்திரத்தில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் புடைப்புச் சிற்பமொன்றில் யாழ் வாசிப்பவரும் நடனமாடுபவரும் இருக்கிறார்கள். 802ஆம் ஆண்டு பியூ நாட்டிலிருந்து 35 இசைஞர்கள் சீனத்தின் தாங் அரசவைக்குச் சென்றதைச் சீன வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. அவர்கள் கொண்டுபோன கருவிகளில் யாழும் ஒன்று.

ஆக, வந்த வழி தெரிகிறது. ஆனால் வந்தது அப்படியே இருந்துவிடவில்லை. மியாவதி மின்ஜி ஊ ஸா (1766–1853) என்ற அமைச்சர், ஏழாக இருந்த நரம்புகளைப் பதின்மூன்றாக்கினார் என்கிறது பர்மிய இசை மரபு. கடைசி அரசவை யாழ் வாசிப்பாளரான ஊ மௌங் மௌங் ஜி பதினான்காவதைச் சேர்த்தார். இருபதாம் நூற்றாண்டில் அது பதினாறாயிற்று. 'மஹா கீதா' என்று அவர்கள் அழைக்கும் செவ்விசைத் தொகுதி தலைமுறை தலைமுறையாக வாயிலிருந்து செவிக்குப் போய் வந்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மக்கள் ஒரு கருவியைக் கட்டி, அவிழ்த்து, உடைத்து, மறுபடியும் செய்து, அதில் தம் மொழியைப் பாடியிருக்கிறார்கள். அதை நாம் 'நம் யாழ்' என்று சொல்லும்போது, அவர்கள் நமக்காகப் பத்திரப்படுத்தி வைத்த பெட்டகக் காவலர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்களுடைய உழைப்பு நம் பெருமைக்குள் கரைந்துபோகிறது.

பர்மாவைப் பார்த்து 'நம்முடையது' என்று தமிழர் சொல்வதற்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைக் கட்ட முடியாமல் பர்மிய உழவர்கள் நிலம் இழந்தார்கள். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு வயல் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தது. அதே காலத்தில் கூலிகளாகப் போன ஏழைத் தமிழர்கள் இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், 1942இல் காட்டுவழியே நடந்து செத்தார்கள், 1960களில் நே வின் ஆட்சியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். இவர்களும் தமிழர், அவர்களும் தமிழர். 'நம்' என்ற சொல் அங்கேயும் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை.

*

யாழ் இங்கே எப்படி அழிந்தது? நரம்பு அறுந்து, மரம் உளுத்து, வீணை வந்து இடம் பிடித்ததால் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். கருவி தானாகச் சாகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை வாசித்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

யாழ் பாணர்களுடையது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியனையும் பாணனையும் பறையனையும் கடம்பனையும் ஒரே வரிசையில் வைத்து, இந்நான்கை விட்டால் வேறு குடி இல்லை என்கிறது. யாழ் வாசித்தவனும் பறை அடித்தவனும் அக்கம்பக்கம் நின்றவர்கள் என்பதை நம் மரபின் பழைய நூல்களில் ஒன்றே சொல்கிறது. அவர்களோடு விறலியும் பாடினியும் நடந்தார்கள். ஆற்றுப்படை நூல்கள் காட்டும் பாணர் கூட்டம் பசியோடு நடந்துகொண்டே இருக்கும் கூட்டம்.

சில நூற்றாண்டுகள் கழித்துப் பெரியபுராணத்துக்கு வருவோம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயிலின் வாயிலுக்கு வெளியே நின்று யாழ் வாசிக்கிறார். இறைவன் ஆணையிட்ட பிறகுதான் உள்ளே அழைத்துப் போகிறார்கள். திருவாரூரிலோ அவர் நுழைவதற்கு வடதிசையில் வேறொரு வாயில் உண்டாகிறது. இதை அருளின் கதையாகவே காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். ஏற்கெனவே இருந்த வாயில் அவருக்கு ஏன் திறக்கவில்லை என்ற கேள்வியை அருள் மூடிவிடுகிறது. தருமபுரத்தில், சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காதபோது, பாணர் தம் யாழையே உடைக்க ஓங்கினார் என்றும் அந்தக் கதை சொல்கிறது. ஒரு கருவி அழிந்த வரலாற்றை எழுத வேண்டியிருந்தால் நான் அந்த ஓங்கிய கையிலிருந்து தொடங்குவேன்.

அந்தக் கதையில் ஒரு பெண்ணும் உண்டு. யாழ்ப்பாணரின் துணைவி மதங்கசூளாமணியார் அவரோடு ஊர் ஊராகச் சென்று பாடியவர். நாயன்மார் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அடுத்து, நம்பியாண்டார் நம்பி காலத்தில் தேவார ஏடுகள் கிடைத்தபோது, பண் யாருக்கும் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து அவரைக் கொண்டு பண் வகுத்தார்கள் என்கிறது திருமுறை கண்ட வரலாறு. இன்று ஓதுவார்கள் பாடும் பண்முறை அந்தப் பெண்ணின் தொண்டை வழியே வந்தது என்பதே அந்த மரபு சொல்லும் செய்தி. ஏட்டைக் கண்டெடுத்த அரசனுக்குப் பெயர் இருக்கிறது, தொகுத்தவருக்குப் பெயர் இருக்கிறது. பாடிக் காட்டியவள் 'பாணர் மரபில் ஒரு பெண்' மட்டுமே.

1947இல் விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' அரங்கேறியது. மறைந்த கருவியைக் கணக்காலும் இலக்கியத்தாலும் மீட்டெடுக்க அவர் செய்த உழைப்பு பெரிது. அதைப் படித்த தலைமுறைகள் யாழின் நரம்பு எத்தனை என்று மனப்பாடம் செய்தார்கள். பாணர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

*

யாழுக்கும் பெண்ணுக்கும் இலக்கியம் கட்டிய உறவும் எளிதானதல்ல. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கும். அதன் தோல் போர்த்த உடலை, சூல்கொண்ட இளம்பெண்ணின் மென்மயிர் ஓடிய வயிற்றுக்கு உவமை சொல்லும். முழு யாழும் ஒப்பனை செய்த மணமகளைப் போல் இருக்கிறது என்னும். இந்த வரிகளின் நுட்பத்தை வகுப்பில் சொல்லும்போது எனக்கு வியப்பும் வரும், சின்னச் சங்கடமும் வரும். கருவி பெண்ணுடல், மீட்டுபவன் ஆண், ஒலி அவனுடைய திறமை. கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் உவமையின் அழகை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதே பெண் யாழைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்?

அதற்கும் நம்மிடம் விடை இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரி. மாதவி யாழைச் சுருதி கூட்டிக் கோவலனிடம் கொடுக்கிறாள். அவன் வேறொருத்தியை நினைத்தவன் போலப் பாடுகிறான். பிறகு அவள் யாழை வாங்கி, தானும் அப்படியே பாடுகிறாள். இருவர் செய்ததும் ஒன்றே. அவன் பாட்டு விளையாட்டாகிறது, அவள் பாட்டு குற்றச் சான்றாகிறது. அவன் எழுந்து போய்விடுகிறான். பன்னிரண்டு வயதில் அரங்கேறி, ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்மாலைக்கு விலை பேசப்பட்டவள் அவள். வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அவளை விற்பதற்காக. தன் மனம்போல் வாசித்ததும் அவளை விட்டுவிட்டார்கள்.

*

பர்மாவில் இது வேறாக இருந்ததா? இங்கும் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சட்டென்று சொல்ல முடியாது.

லைங் தெய்க் கௌங் தின் (1833–1875) என்ற இளவரசி தாராவதி மன்னரின் மகள், பட்டத்து இளவரசர் கனாங்கின் மனைவி. கவிஞர், நாடகம் எழுதியவர். 1866இல் அரண்மனைக் கலகத்தில் கனாங் கொல்லப்பட்டார். 'போலே' என்னும் ஏக்கப் பாட்டு வகையோடு இந்த இளவரசியின் பெயர் சேர்ந்தே சொல்லப்படுகிறது. தன் பெயரோடு பாட்டு நிலைத்த பெண் என்று அவரைச் சுட்ட முடிவது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பெயர் நிலைக்க அவர் இளவரசியாக இருக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியாது.

1885இல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்து, திபோ மன்னரை முதலில் சென்னைக்கும் பிறகு இரத்தினகிரிக்கும் கொண்டுபோனார்கள். அரசவை கலைந்தது. அரசவைக் கலைஞர்கள் பிழைப்புக்கு வெளியே வந்தார்கள். அதன் பிறகு சௌங் மெல்ல மெல்ல வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் போயிற்று. இன்று அதைக் கற்கும் பெண்கள் ஏராளம். தரையில் அடக்கமாக உட்கார்ந்து, மடியில் வைத்து, அறைக்குள் கேட்கும் அளவுக்கு மெல்லிய ஒலியில் வாசிக்கும் கருவி அது. பெண்ணுக்குப் 'பொருத்தமானது'.

பர்மாவின் மற்றொரு பெரிய இசை ஸைங் வைங். சுருதி சேர்த்த இருபத்தொரு மத்தளங்கள் வட்டமாகத் தொங்க, நடுவில் ஒருவர் அமர்ந்து வாசிப்பார். சுற்றிலும் வெண்கல வட்டிகள், நம் நாதஸ்வரத்தின் உறவினன் போல் முழங்கும் ஹ்னே, சிறகு முளைத்த யானைமுக விலங்கின் உருவத்தில் கட்டித் தொங்கவிட்ட பெருமுரசு. திருவிழா, கூத்து, நாத் தெய்வங்களின் சாமியாட்டம் எல்லாவற்றுக்கும் அதுவே. ஊர் முழுக்கக் கேட்கும். அந்த வட்டத்துக்குள் காலங்காலமாக ஆண்களே அமர்ந்தார்கள். ஆணுக்கு 'போன்' என்னும் மேன்மை ஆற்றல் உண்டு, பெண்ணின் கீழாடை அவன் தலைக்கு மேலே இருந்தால் அது குறையும் என்பது அங்குள்ள நம்பிக்கை.

அந்த மத்தளங்களுக்குச் சுருதி சேர்க்கும் விதம் நமக்கு மிகவும் பழக்கமானது. சோற்றையும் சாம்பலையும் பிசைந்து தோலின் நடுவில் அப்புவார்கள். அந்தப் பசையின் பெயர் பட் சா. மத்தளத்தின் உணவு என்று பொருள். நம் மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கரும்பொட்டையும் 'சோறு' என்றே சொல்கிறோம். இரண்டு நாட்டிலும் தோலுக்குச் சோறு ஊட்டுகிறார்கள். இரண்டு நாட்டிலும் சோறு வடிப்பவள் பெண். இரண்டு நாட்டிலும் அந்தத் தோலை அடிக்கும் உரிமை பெரும்பாலும் அவளுக்கு இல்லை.

1993இல் பர்மிய இராணுவ அரசு ஆண்டுதோறும் நடத்தும் 'சொ க யே தி' போட்டிகளைத் தொடங்கியது. பாடு, ஆடு, எழுது, வாசி என்று பெயருக்குப் பொருள். அதில் பெண்களும் போட்டியிட்டார்கள். அதே ஆண்டு இரங்கூனில் பண்பாட்டுப் பல்கலைக்கழகமும் வந்தது. இசை கற்கும் பெண்களுக்கு அது ஒரு வாயில். ஆனால் வாயிலைத் திறந்தவர்கள், தேர்தலில் வென்ற கட்சியின் தலைவியான ஒரு பெண்ணை வீட்டுக்காவலில் வைத்திருந்தவர்கள். அடக்குகிறவர் திறக்கும் கதவின் வழியே நுழையலாமா? நுழைந்த பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவு திறந்தவருக்கு நன்றி சொல்லவும் மனம் வரவில்லை.

2021 பிப்ரவரியில் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இரவு எட்டு மணிக்கு வீடு வீடாகச் சட்டியும் பானையும் தட்டினார்கள். கெட்ட ஆவியை விரட்டப் பாத்திரம் தட்டுவது அங்கே பழைய வழக்கம். பெண்கள் தங்கள் கீழாடைகளைத் தெருவுக்குக் குறுக்கே கொடியில் கட்டினார்கள், அதன் கீழே நடந்து வரத் தயங்கும் சிப்பாய்களை நிறுத்துவதற்காக. யாரும் கற்றுக்கொடுக்காத, எந்தப் போட்டியிலும் இடம்பெறாத பெரிய ஒலி சமையலறையிலிருந்துதான் கிளம்பியது.

*

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். திண்டுக்கல்லில் தோல் என்றால் அது முதலில் ஒரு வாடை. பதனிடும் தொழிற்சாலைகளைக் கடக்கும்போது பேருந்தில் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். இறங்கிய பிறகு அதே தோலில் செய்த செருப்போடு நடந்து போவார்கள். யார் தோலைத் தொடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தோலுக்குத் தூய்மையும் தீட்டும் வருகிறது. டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி எழுதியது இதைத்தான். மாட்டுத்தோல் சபா மேடையில் மங்கலமாகிறது, அதை உரித்துக் காயவைத்தவர் மேடைக்கு வெளியே நிற்கிறார்.

இதே திண்டுக்கல்லில்தான் சகோதரி சந்திரா 1990இல் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தைத் தொடங்கினார். தலித் இளம்பெண்கள் பறையை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, வட்டமாகச் சுழன்று ஆடியபடி அடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நெருப்பில் தோலைக் காய்ச்சி, சுண்டிப் பார்த்து, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சிம்புக்குச்சியுமாக அவர்கள் நிற்கும்போது அந்த நிற்றலே ஒரு சொல். குனியாத கழுத்து. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். உலகம் பார்த்தது. உள்ளூரில் பல மேடைகள் இன்னும் தயங்குகின்றன.

நான் அறிந்த ஒரு கல்லூரியில் தமிழ் மன்றத் தொடக்க விழா. மாணவிகள் பறை அடித்துத் தொடங்கலாம் என்றார்கள். "நல்ல காரியத்துக்கு அது வேண்டாமே" என்றது நிர்வாகம். அதற்குப் பதிலாக மேடையில் ஒட்டுப்பலகையில் வெட்டிப் பொன்வண்ணம் பூசிய ஒரு யாழ் நின்றது. நரம்புக்குப் பதில் கம்பளி நூல். யாரும் வாசிக்க முடியாத கருவிக்கு மாலை போட்டார்கள். வாசிக்கத் தெரிந்த பெண்கள் கீழே நாற்காலிகளில் உட்கார்ந்து கை தட்டினார்கள்.

அன்று மாலை ஒரு மாணவி என்னிடம் சொன்னாள்: "யாழு செத்துப்போச்சுன்னு இம்புட்டு வருத்தப்படுறாங்களேம்மா. எங்க தாத்தா கையில இருக்கிறது இன்னும் உசுரோடதான் இருக்கு. அதுக்கு ஏம்மா யாரும் மாலை போட மாட்டேங்குறாங்க?"

புறநானூற்றில் பாணனும் பறையனும் அடுத்தடுத்து நின்ற வரிசை என் நினைவுக்கு வந்தது. யாழைப் போற்றுவது எளிது, ஏனென்றால் பாணன் இல்லை. அவன் நம்மோடு பந்தியில் உட்கார வர மாட்டான். இருந்திருந்தால் அவனுக்கும் வடக்கே ஒரு தனி வாயில் காட்டியிருப்போம்.

*

கட்டுரையை இங்கே முடித்திருந்தால் எல்லாம் எளிதாக இருந்திருக்கும். பறையைப் போற்றுவோம், பெண்கள் பறையடிக்கட்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே மாணவி ஆறு மாதம் கழித்து வேறொரு கேள்வியோடு வந்தாள்.

அவளுக்கு நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நல்ல இடம், சொந்தச் சாதி. மாப்பிள்ளையின் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்: கல்யாணத்துக்குப் பிறகு பறையைத் தொடக் கூடாது. ஆணவக்காரர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. இளம் வயதில் ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று பறையைக் கீழே வைத்தவர் அவர். அதற்காக வேலை இழந்தார், ஊர்க் கடையில் அவருக்குச் சாமான் தரவில்லை, அடியும் பட்டார். "நாங்க ரத்தம் சிந்திக் கீழ வச்சத எங்க வீட்டு மருமக கையில எடுக்கக் கூடாது" என்றாராம்.

"அவரு சொல்றதும் நியாயமாத்தானம்மா இருக்கு. விட்டுட்டா தப்பா?" என்று கேட்டாள்.

இது வெறும் குடும்பச் சிக்கல் அல்ல. தலித் அரசியலுக்குள் பல காலமாக நடக்கும் விவாதம். பறை அடிப்பது சாதி சுமத்திய ஊழியம், அதை விடுவதே விடுதலை என்பார் ஒரு சாரார். பறை எங்கள் கலை, இழிவு எங்களைப் பார்த்த கண்ணில் இருக்கிறது, கருவியில் இல்லை என்பார் மற்றொரு சாரார். தமிழ்நாட்டின் பல ஊர்களில் பறையைப் போட்டு உடைத்ததும் சுயமரியாதைதான், அதே பறையை மேடையில் ஏற்றியதும் சுயமரியாதைதான். வெளியிலிருந்து வந்து, இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி என் சாதிக்கு இல்லை. ஒரு பெண்ணாக என்னிடம் இருப்பது வேறொரு கேள்வி: அந்த முடிவு யாருடையது?

அந்தப் பெரியவர் பறையைக் கீழே வைத்தபோது, 'அடி' என்று சொன்ன ஊரை மறுத்தார். அவர் மறுத்தது ஒலியை அல்ல, கட்டளையை. இன்று அவர் 'அடிக்காதே' என்கிறார். சொல் மாறிவிட்டது, அது கட்டளையாகவே இருக்கிறது. அவருடைய மறுப்பு உயர்ந்தது, ஏனென்றால் அது அவருடையது. அதை மருமகளுக்குச் சொத்துபோல் எழுதி வைத்தால் அவளிடம் போய்ச் சேரும்போது மறுப்பின் உயிர் போய்விடும், தடை மட்டும் மிஞ்சும். ஒரு தலைமுறை வென்ற விடுதலை அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குக் கட்டுப்பாடாகக் கைமாறுவதை நாம் இங்கே மட்டுமா பார்க்கிறோம்? விடுதலைக்குப் போராடிய வீடுகள் எத்தனையில் மகளின் நடமாட்டத்துக்கு நேரம் குறிக்கிறார்கள்!

வாசிக்கும் உரிமையும் வாசிக்க மறுக்கும் உரிமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே நான் வந்து சேர்ந்த இடம். மறுக்க முடியாமல் வாசிப்பது ஊழியம். விரும்பியும் வாசிக்க முடியாமல் இருப்பது சிறை. மாதவிக்கு வாசிக்கத் தெரியும், மறுக்க முடியாது. ஸைங் வட்டத்தின் வெளியே நின்ற பர்மியப் பெண்ணுக்கு மறுக்கவே வாய்ப்பு வரவில்லை, அவளிடம் யாரும் கேட்கவில்லை. இராணுவப் போட்டி மேடை ஏறியவள் வாசித்தாள், ஆனால் எந்த அரசுக்காக வாசிப்பது என்பதை அவளால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தன் பெயரைச் சொல்ல அவளுக்கு இடமில்லை. நால்வரும் இசையோடு வாழ்ந்தார்கள். நால்வரின் முடிவையும் வேறு யாரோ எடுத்தார்கள்.

இதையெல்லாம் அவளிடம் நான் சொற்பொழிவாகச் சொல்லவில்லை. "விட்டால் தப்பில்லை. விடச் சொன்னதால் விடாதே. நீயே யோசித்து விடு, அல்லது வைத்துக்கொள்" என்றேன்.

அவள் என்னைவிடத் தெளிவாக யோசித்தாள். அந்தப் பெரியவரிடமே பேசினாள். "நீங்க கீழ வச்சப்ப உங்க அப்பாருகிட்ட கேட்டுட்டா வச்சீங்க?" என்று கேட்டாளாம். அவர் பதில் சொல்லவில்லை. பட்டப்படிப்பு முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரு வீட்டிலும் தள்ளி வைத்திருக்கிறார்கள். சாவு வீட்டுக்கு அடிப்பதில்லை, யார் கூப்பிட்டாலும் காசுக்காக மட்டும் போவதில்லை, மேடை என்றால் முன்வாயில் வழியே நுழைவேன் என்று அவளே தனக்கு மூன்று விதிகளை வகுத்துக்கொண்டாள். கல்யாணம் நடக்குமா என்பது தெரியாது. நடந்தால் அந்தப் பெரியவர் வீட்டில் பறை தொங்குமா என்பதும் தெரியாது.

சென்னையில் இளைஞர்கள் சிலர் யாழை மறுபடி மரத்தில் செதுக்கி வாசித்துக் காட்டுகிறார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். பர்மிய யாழ் இசையையும் நேரம் கிடைக்கும்போது கேட்கிறேன். மண்ணுக்கடியில் நீர் ஓடுவது போன்ற அந்த ஒலி என் கவிதைகளுக்குள்ளும் வந்திருக்கலாம். அதை 'நம்' யாழ் என்று சொல்லாமலே என்னால் நேசிக்க முடிகிறது. ஒன்றை நேசிப்பதற்கு அது நம்முடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நம்முடையது என்று சொல்லும் எல்லாவற்றையும் நாம் நேசித்தோம் என்பதற்கும் சான்று இல்லை.

'யாழின் வகைகளை விளக்குக' என்பது தமிழ் மாணவிகள் ஆண்டாண்டு காலமாக எழுதிவரும் தேர்வு வினா. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று நான்கும் எழுதி நரம்புக் கணக்கும் எழுதினால் முழு மதிப்பெண். அந்த வினா இருக்கட்டும். அதற்குக் கீழே இவ்வாண்டு உள்தேர்வில் நான் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறேன்: 'யாழை யார் வாசித்தார்கள், அவர்களை எந்த வாயிலில் நிறுத்தினார்கள், உங்கள் ஊரில் இன்று அந்த வாயிலில் நிற்பவர் யார்?' மதிப்பெண் பத்து. விடைத்தாள்கள் என் மேசையில் வந்து சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது.